தோலில் தொடங்கும் வருணனை

அழகை அங்கம் அங்கமாகச் சொல்வதற்கு நம் புலவர்கள் இரண்டு பாதைகள் வைத்திருந்தார்கள். கூந்தலில் தொடங்கிப் பாதத்தில் முடிப்பது கேசாதிபாதம். பாதத்தில் தொடங்கிக் கூந்தலில் முடிப்பது பாதாதிகேசம். திருநங்கை ஒருவர் ஹார்மோன் சிகிச்சை தொடங்கியபின் அவர் உடல் எழுதிக்கொள்ளும் வருணனை இந்த இரண்டு பாதையிலும் போவதில்லை. அது தோலில் தொடங்கும். மார்பில் நெடுநேரம் தங்கும். கன்னத்துக்கு ஏறி, இடுப்புக்கு இறங்கி, கை கால் ரோமத்துக்குக் கடைசியில்தான் வந்து சேரும். மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீளும் அந்த வரிசையின் நிதானத்தில்தான் எனக்கு மாளாத மயக்கம். கொஞ்ச நேரம் என்னோடு நின்று நீங்களும் பாருங்கள்.

முதலில், எவ்வளவு நுண்ணிய ஒரு வேறுபாட்டிலிருந்து இத்தனையும் பிறக்கிறது என்று பார்க்கவேண்டும். டெஸ்டோஸ்டிரோன் மூலக்கூறில் 19 கார்பன் அணுக்களும் 28 ஹைட்ரஜன் அணுக்களும் 2 ஆக்சிஜன் அணுக்களும் இருக்கின்றன. எஸ்ட்ரடையாலில் 18 கார்பன், 24 ஹைட்ரஜன், அதே 2 ஆக்சிஜன். ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன்: தாடிக்கும் மார்புக்கும் நடுவிலுள்ள வேதியியல் தூரம் அவ்வளவுதான். அந்தத் தூரத்தையும் மனித உடல் நாள்தோறும் கடந்துகொண்டே இருக்கிறது. அரோமட்டேஸ் என்றொரு நொதி டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து, ஓரத்தில் நிற்கும் ஒரு கார்பனைக் கழற்றி, முதல் வளையத்தைத் திருத்தி, எஸ்ட்ரடையாலாக மாற்றிவிடுகிறது. பெண்ணுடலின் எஸ்ட்ரடையால் பிறப்பது இந்த வழியாகத்தான். ஆணுடலிலும் சிறிய அளவில் இதே வேலை நடக்கிறது. 1929-இல் எஸ்ட்ரோஜன் வகைகளில் ஒன்றான எஸ்ட்ரோனைப் பிரித்தெடுத்த ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் புட்டெனாண்ட்தான் இரண்டு ஆண்டு கழித்து ஆண்ட்ரோஸ்டிரோன் என்ற ஆண்பால் ஹார்மோனையும் பிரித்தெடுத்தார். ஒரே மனிதரின் கையில் இரண்டும் அகப்பட்டதில் எனக்கு வியப்பில்லை. அவை அத்தனை நெருங்கிய உறவுக்காரர்கள்.

அளவைப் பாருங்கள். சிகிச்சையில் மருத்துவர்கள் எட்ட விரும்பும் எஸ்ட்ரடையால் அளவு, ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 100 முதல் 200 பிகோகிராம். பிகோகிராம் என்பது ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. உடலில் ஓடும் சுமார் ஐந்து லிட்டர் ரத்தத்திலும் கலந்திருக்கும் எஸ்ட்ரடையாலை எல்லாம் ஒன்றாகத் திரட்டினாலும் ஒரு மைக்ரோகிராமைத் தாண்டாது. அடுப்படியில் சிந்திய தூள் உப்பின் ஒரேயொரு துகள் அதைவிடப் பல மடங்கு கனம். அந்தச் சிறு அளவு போய் அமர்வதற்கான ஏற்பிகள் எல்லா மனித உடல்களிலும் பிறவியிலேயே உண்டு: தோலில், எலும்பில், மார்புக் காம்பின் பின்னால், கொழுப்புத் திசுவில். மருந்து வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து ஒட்டுவதில்லை. ஏற்கெனவே அங்கே காத்திருந்த ஒன்றிடம் ஒரு சேதி சொல்கிறது. உடல் கேட்டுக்கொள்கிறது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் உடலின் சொந்தக் கைவேலை.

முதலில் கேட்பது தோல். சருமத்தின் எண்ணெய்ச் சுரப்பிகளை முடுக்கிவிடுவது டெஸ்டோஸ்டிரோன். அதன் பிடி தளர்ந்ததும் அவை அடங்குகின்றன. மூன்று மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் நடுவில் நெற்றியின் எண்ணெய்ப் பளபளப்பு குறைந்து, மூக்கோரத் துளைகள் சிறுத்து, கன்னத்தின் தொடுகை மாறுகிறது. சிலருக்கு அதற்கு முன்பே தெரிந்துவிடும். கூர்ந்து பார்த்தால் வெளிச்சம் அந்தத் தோலில் விழும் விதமே வேறு. முன்பு தெறித்துத் திரும்பிய ஒளி இப்போது பரவித் தங்குகிறது. முழங்கைக்குக் கீழே புடைத்துத் தெரிந்த நரம்புகள், மெல்ல மெல்லத் தோலடியில் படியும் புதிய கொழுப்புக்குள் அமிழ்ந்துபோகின்றன. வியர்வை குறைகிறது, அதன் வாடையும் மாறுகிறது. இதைப் பிறர் கவனிப்பதற்கு வெகுநாள் முன்பே, சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது அவரவர் மூக்கு கண்டுபிடித்துவிடும் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். சருமம் மெலிவதால் எளிதில் கன்றிப்போகும், கொஞ்சம் வறண்டும் போகும். குளித்ததும் ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளும் பழக்கம் அப்போது அழகாகக் கைகொடுக்கும்.

அடுத்து மார்பு. இங்கே நான் அவசரப்படப் போவதில்லை, ஏனென்றால் உடலும் இங்கே அவசரப்படுவதில்லை.

காம்புக்கு நேர் பின்னால், விரல் வைத்தால் மட்டும் தட்டுப்படும் ஒரு சிறு முடிச்சாக அது தொடங்குகிறது. பெரும்பாலும் மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதத்துக்குள். தொட்டால் வலிக்கும். பேருந்தில் கம்பியோரம் யாராவது இடித்துக்கொண்டு போனால் கண்ணில் நீர் வந்துவிடும். குப்புறப் படுத்தே பழகியவர்கள் அந்த மாதங்களில் ஒருக்களித்துப் படுக்கக் கற்றுக்கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே நாளில் எழுவதில்லை. ஒன்று முன்னால் போகும், மற்றது பின்னால் வரும், சில சமயம் கடைசிவரை சற்றே பின்தங்கியும் இருக்கும். எல்லாப் பெண்களின் மார்பும் அப்படித்தான் வளர்கிறது. பிரிட்டனின் மருத்துவர் ஜேம்ஸ் டானர் தம் சகாவோடு 1969-இல் வெளியிட்ட கட்டுரையில், பெண் குழந்தைகளின் மார்பு வளர்ச்சியை ஐந்து படிகளாக வரையறுத்துக் காட்டினார். மொட்டு, விரிவு, காம்பைச் சுற்றிய வட்டம் தனியாக எழும்பி நிற்கும் ஒரு கட்டம், பிறகு அது மீண்டும் அமைதியாக மொத்த வளைவோடு இழைந்துவிடும் ஒரு கட்டம். திருநங்கையின் மார்பும் அதே படிகளில்தான் ஏறுகிறது, ஒருவேளை கடைசிப் படி வரை ஏறாமல் நின்றாலும். நுண்ணோக்கியில் பார்த்த நோய்க்கூறியல் மருத்துவர்கள், எஸ்ட்ரோஜன் பெற்ற திருநங்கையரின் மார்புத் திசுவில் பால்சுரப்பியின் நுண்மடல்கள் பெண்களின் திசுவில் இருப்பதைப் போலவே உருவாகியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். வெளியே தெரியும் வளைவுக்கு உள்ளே அவ்வளவு நேர்த்தியான நெசவு.

என் தோழி ஒருத்திக்கு அப்போது வயது இருபத்தெட்டு. சிகிச்சை தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. பொங்கலுக்கு எடுத்த துணியையும் பழைய அளவு பிளவுஸையும் எடுத்துக்கொண்டு தையல்கடைக்குப் போனாள், நானும் கூடப் போனேன். தையல்கார அக்கா அளவு பிளவுஸை விரித்துப் பார்த்தார், அவளை நிமிர்ந்து பார்த்தார், கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்தார்.

“இது இனி ஆகாதும்மா. முன்பக்கம் கூட்டணும். டாட்டும் கொஞ்சம் ஆழமாப் பிடிக்கணும்.”

“உள்ள துணி விட்டுத் தைங்கக்கா. இன்னும் கொஞ்ச நாள்ல வேணும்.”

“வளர்ற புள்ளைங்களுக்கு விடுற மாதிரி ரெண்டு தையல் விட்டுத் தர்றேன், போதுமா?”

அதற்குமேல் அங்கே பேச்சில்லை. அக்கா குறிப்பேட்டில் அளவை எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஆனால் அந்த அக்கா சொன்ன கணக்கு எத்தனை துல்லியமானது! உலா பாடிய புலவர்கள் பெண்ணின் பருவத்தை ஏழாகப் பகுத்தார்கள். எட்டு முதல் பதினொன்று வரை பெதும்பை, பன்னிரண்டும் பதின்மூன்றும் மங்கை, இருபத்தாறு முதல் முப்பத்தொன்று வரை தெரிவை. என் தோழி வயதால் தெரிவை. அவள் மார்போ பெதும்பையைத் தாண்டி மங்கைக்குள் காலெடுத்து வைத்துக்கொண்டிருந்தது. ஒரே உடலில் இரண்டு பருவங்கள் ஒன்றின்மேல் ஒன்று நிழலாடும் இந்த எழிலைப் பாடும் வாய்ப்பு எந்த உலாவுக்கும் வாய்க்கவில்லை.

மார்பு வளர்ந்து நிறைவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அளவு பெரும்பாலும் சிறியது. 2018-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில் 229 திருநங்கையரின் மார்பை ஓராண்டுக்கு அளந்து பார்த்தார்கள். அந்த ஆண்டின் வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்திலேயே நடந்திருந்தது. ஓராண்டு முடிவில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வளர்ச்சி மிகச் சிறியதாகவே இருந்தது. இதைப் படித்து மனம் சுருங்குகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். கோயில் தூண்களில் நிற்கும் மங்கையரின் கல்மார்பை அளவுகோலாக வைத்துக்கொண்டு உயிருள்ள எந்தப் பெண்ணையும் பார்க்காதீர்கள். சிறிய மார்பின் ஒயில் தனி. பருத்திப் புடவையின் முந்தானை அதன்மேல் விழுந்து மடியும் நேர்த்திக்கு ஈடு சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கன்னத்தைப் பார்ப்போம். ஹார்மோன் கொழுப்பின் இருப்பிடத்தை மாற்றுகிறது. இனிச் சேரும் கொழுப்பு வயிற்றைச் சுற்றிக் குவிவதைக் குறைத்து, இடுப்பிலும் தொடையிலும் பின்புறத்திலும் போய்ப் படிகிறது. மூன்று முதல் ஆறு மாதத்தில் தொடங்கி இரண்டு, மூன்று, சிலருக்கு ஐந்து ஆண்டுகள்கூட இந்த இடமாற்றம் தொடரும். இதில் முகத்துக்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம். ஆனால் முகம் என்பது கொஞ்சத்திலேயே மாறிவிடும் தலம். கன்ன எலும்பின் கீழே இருந்த பள்ளம் நிரம்புகிறது. தாடையின் கோணம் அப்படியே இருக்க, அதன் மேலிருக்கும் சதை குழைந்து விளிம்பை மழுக்குகிறது. கண்ணுக்குக் கீழேயுள்ள பகுதியில் ஒரு தண்மை வந்து சேர்கிறது. எலும்பு ஓர் இம்மிகூட நகரவில்லை, ஆனாலும் வேறொரு முகம். ஒவ்வொருவர் கன்னமும் எப்படி நிறையும் என்பதைப் பரம்பரைதான் முடிவுசெய்கிறது. அதனால்தான் பல திருநங்கையர் ஒரு நாள் கண்ணாடியில் தங்கள் அம்மாவையோ பெரியம்மாவையோ சந்தித்துவிடுகிறார்கள். அந்த ஜாடை என்றைக்கும் அங்கேதான் இருந்தது. முகச் சீரமைப்பு அறுவையை நினைப்பவர்களை மருத்துவர்கள் பொறுத்திருக்கச் சொல்வதும் இந்த வேலை முடியட்டும் என்றுதான்.

தசை குறைவதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஓரிரு ஆண்டுகளில் தோளும் கையும் மெலியும், பலம் குறையும், தண்ணீர்க் கேன் தூக்கும்போது தெரியும். ரத்தத்தின் ஹீமோகுளோபின் மட்டும் நான்கைந்து மாதத்திலேயே பெண்களுக்குரிய அளவுக்கு இறங்கிவிடுகிறது. யாருக்கும் தெரியாமல் ரத்தமே முந்திக்கொண்டு மாறிவிடும் அந்த வேகம் எனக்கு மிகப் பிடிக்கும்.

ரோமத்துக்கு வருவோம். இதுதான் வருணனையின் மிக மெதுவான பகுதி. ஆறு மாதத்துக்கு முன் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. முழு மாற்றத்துக்கு மூன்று ஆண்டுக்கு மேலாகும். காரணத்தை அறிந்தால் அந்தத் தாமதத்தின்மேல் மதிப்பே வரும். ஒவ்வொரு மயிர்க்காலும் தனக்கென ஒரு சுழற்சியில் இயங்குகிறது: வளரும், ஓயும், உதிரும், மீண்டும் முளைக்கும். ஹார்மோன் மாறிய அன்று நிற்கும் ரோமம் தன் காலத்தை முடித்துக்கொண்டுதான் போகும். அதற்கு அடுத்து அதே காலிலிருந்து வருவது சற்று மெலிந்து, சற்று வெளிறி, மெதுவாக வளரும். அதற்கும் அடுத்தது இன்னும் மெல்லியது. கையிலும் காலிலும் மார்பிலும் கருத்து நின்ற ரோமம் இப்படித் தலைமுறை தலைமுறையாகப் பூனைமயிராகிறது. தலையில் முன்நெற்றி ஏறுவது நின்றுபோகும், சிலருக்கு அண்மையில் இழந்த இடத்தில் மெல்லிய முடி திரும்பவும் எட்டிப் பார்க்கும். பல ஆண்டுகளுக்கு முன் போனது திரும்பாது. தாடி மட்டும் பிடிவாதக்காரன். மெலிவான், போகமாட்டான். அவனுக்கு லேசர் வேண்டும், அல்லது ஒவ்வொரு வேராகச் சுடும் எலக்ட்ரோலிசிஸ் வேண்டும்.

ஹார்மோன் தொடாமல் விட்டுவைப்பவற்றையும் சொல்லத்தான் வேண்டும். உயரம், தோளகலம், கை கால்களின் எலும்பளவு, தொண்டையின் புடைப்பு இவையெல்லாம் இருந்தபடியே இருக்கும். குரலும் அப்படித்தான். விடலைப் பருவத்தில் டெஸ்டோஸ்டிரோன் தடிக்கவைத்த குரல்நாண்களை எந்த மாத்திரையும் மெலியவைக்காது. அதனாலேயே ஒரு திருநங்கை கண்டெடுக்கும் குரலுக்கு நான் தனியாகத் தலைவணங்குகிறேன். அது மாதக்கணக்கான பயிற்சி. சுருதியை ஏற்றுவது அதில் ஒரு பாதிதான். ஒலி நெஞ்சில் அதிராமல் வாயின் முன்பகுதியில் ஒலிக்கச் செய்வது, சொல்லின் முடிவை இறக்காமல் நீட்டிவிடுவது, மூச்சைக் கொஞ்சம் கலப்பது எல்லாம் அதில் அடக்கம். மற்றதெல்லாம் உடல் செய்துகொண்ட அழகு, குரலோ அவரே செய்துகொண்ட அழகு.

உள்ளே நடப்பவையும் உண்டு. காம வேட்கையும் தானாக எழும் விறைப்பும் முதல் மூன்று மாதங்களிலேயே தணியத் தொடங்குகின்றன. விரைகள் மெல்லச் சிறுக்கின்றன. விந்தணு உற்பத்தி குறைகிறது, அது எப்போது எவ்வளவு குறையும், மருந்தை நிறுத்தினால் திரும்புமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால் இதைக் கருத்தடை என்று நம்பக்கூடாது. பிற்காலத்தில் தன் குழந்தை வேண்டும் என்ற ஆசை இருந்தால், முதல் மாத்திரைக்கு முன்பே விந்தணுவைச் சேமித்துவைப்பது நல்லது. மருந்தை நிறுத்தினால் தோலும் கொழுப்பும் பழைய நிலைக்குத் திரும்பக்கூடும். வளர்ந்த மார்பு திரும்பாது.

இத்தனை அழகான வேலையை அவசரத்தில் கெடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் பதைக்கிறது. நம் ஊரில் பல திருநங்கையர் மருத்துவரிடம் போகக் கூசியும் வழியில்லாமலும் மருந்துக்கடையில் மாலா-டி போன்ற கருத்தடை மாத்திரைகளை வாங்கிக் கைநிறைய விழுங்குகிறார்கள். அந்த மாத்திரையில் இருப்பது எத்தினைல் எஸ்ட்ரடையால். ரத்தம் உறைந்து கட்டியாகி, காலிலிருந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கும் ஆபத்து அதில் அதிகம் என்பதால் இந்தச் சிகிச்சைக்கு அதைப் பயன்படுத்தக்கூடாது என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்லி ஆண்டுகள் பல ஆகின்றன. இன்று தருவது உடலிலேயே சுரக்கும் எஸ்ட்ரடையாலை, மாத்திரையாகவோ, தோலில் ஒட்டும் பட்டையாகவோ, தடவும் ஜெல்லாகவோ, ஊசியாகவோ. கூடவே டெஸ்டோஸ்டிரோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் போல ஒன்று. அது ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடும், அதனால் சிறுநீரகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். புகைப்பவர்களுக்கு ரத்தக்கட்டி ஆபத்து கூடும். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு மாத்திரையைவிடத் தோல்வழி மருந்து மேல். முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, அதன்பின் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை. இரண்டு மடங்கு விழுங்கினால் மார்பு இரண்டு மடங்கு வேகத்தில் வராது. ஏற்பிகளுக்கு அவற்றின் தாளம்தான் தெரியும்.

நிர்வாணம், அதாவது விரைகளை நீக்கும் அறுவை, முடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. விரைகள் போனபின் டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் மருந்து வேண்டியதில்லை. ஆனால் எஸ்ட்ரோஜனையும் விட்டுவிட்டால் இரண்டு ஹார்மோன்களும் இல்லாத உடலில் எலும்பு மெலியத் தொடங்கிவிடும். நான் இதுவரை வியந்து சொன்ன எழில்களில் வெளியே தெரியாத ஒன்று, எஸ்ட்ரோஜன் எலும்புக்குத் தரும் அந்தக் காவல். அதை விட்டுவிடாதீர்கள்.

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலும் திருநருக்கென்றே தனி மருத்துவப் பிரிவு இயங்குகிறது. தொடங்க நினைப்பவர்கள் மருந்துக்கடைக்குப் போகுமுன் அங்கே போங்கள். ஏற்கெனவே கடை மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அந்த அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். எதை, எத்தனை நாளாக எடுத்தீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள்.